பனித்தளத்திலே கலையும் பாய்ச்சலும்

விளையாட்டு எங்கே முடிகிறது, கலை எங்கே தொடங்குகிறது என்று இலகுவில் வரையறுக்க இயலாத துறை ஒன்றுண்டு. அது பனிச்சறுக்கு நடனம். ஓட்டத்தில் முந்தியவர் யார் என்பதைக் கடிகாரம் சொல்லும். உயரம் பாய்தலில் குறுக்குத் தடியே சான்று பகரும். பனித்தளத்திலோ, ஆடுபவர் வானில் எத்தனை சுற்றுச் சுழன்றார் என்பதோடு, இசையின் உள்ளத்தை உடலில் எங்ஙனம் வடித்தார் என்பதையும் நடுவர் நிறுத்துக் கூறவேண்டும். முன்னது எண்ணத்தக்கது, பின்னது உணரத்தக்கது. இரண்டையும் ஒரே தராசில் இடும்போதே சிக்கல் எழுகின்றது.

நெடுங்காலம் ஆறு புள்ளியே நிறைவின் எல்லையாக இருந்தது. நுட்பத்துக்கு ஒன்று, கலைப்பொலிவுக்கு ஒன்று என நடுவர் இரு மதிப்புகளை வழங்கினர். 1984ஆம் ஆண்டு சரயேவோ ஒலிம்பிக்கில் பிரித்தானியரான ஜேன் டோர்வில், கிறிஸ்தோபர் டீன் இணையர் ராவெலின் ‘பொலேரோ’ இசைக்கு ஆடியபோது, ஒன்பது நடுவரும் கலைப்பொலிவுக்கு முழுப் புள்ளி அளித்தனர். அத்தகைய பெருமை கண்ட முறையே 2002இல் சோல்ட் லேக் நகரில் தலைகுனிந்தது. இணையர் போட்டியில் பிரெஞ்சு நடுவர் நெருக்குதலுக்கு உட்பட்டுத் தீர்ப்பளித்தார் என்ற குற்றச்சாட்டு எழவே, ருஷ்ய இணையரோடு கனடிய இணையருக்கும் தங்கப் பதக்கம் வழங்க நேர்ந்தது.

2004இல் புதிய முறை வந்தது. ஒவ்வொரு பாய்ச்சலுக்கும் அடிப்படை மதிப்பு ஒன்று குறிக்கப்பட்டது. செய்நேர்த்திக்கேற்ப அது கூடும், குறையும். கலைக்கூறுகளுக்குப் பத்துக்குள் தனி மதிப்பு. கணக்கு வெளிப்படையாயிற்று என்பது நன்மையே. ஆயினும் கலைக்கு உச்சவரம்பு உண்டு. பாய்ச்சலிலோ சுற்று ஏற ஏற மதிப்பும் ஏறும். அன்றியும், செய்நேர்த்தியையும் கலையையும் ஒரே வேளையில் மதிப்பிடும் சுமையை அம்முறை ஒரே நடுவரிடம் ஒப்படைத்தது.

இதன் விளைவை 2010 வான்கூவர் ஒலிம்பிக் காட்டுகின்றது. நாற்சுற்றுப் பாய்ச்சல் எதுவுமின்றி ஆடிய அமெரிக்கர் எவன் லைசாசெக், அதனை நிகழ்த்திய ருஷ்யர் எவ்கெனி புளுஷென்கோவை 1.31 புள்ளியால் வென்றார். கலை வென்றது என்றனர் ஒரு சாரார். விளையாட்டு செத்தது என்றனர் மறுசாரார். இருவரும் மதிப்புத் தாளை ஊன்றிப் படிக்கவில்லை என்றே எமக்குத் தோன்றுகின்றது. நீள் ஆட்டத்தில் இருவரும் கலைக்கூறுகளுக்குப் பெற்றது சரிநிகராக 82.80 புள்ளி. அவ்வாட்டத்தில் லைசாசெக்கை முன்னிறுத்தியது நுட்பப் புள்ளியே. இயல்பால் முற்றிலும் வேறுபட்ட இரு கலைஞர்க்கு ஒரே எண் கிடைத்ததெனின், அந்த எண் எதனை அளந்தது?

பாய்ச்சலை இகழ்வது எமது நோக்கமன்று. 2022இல் இலியா மலினின் என்னும் அமெரிக்க இளைஞர் நாலரைச் சுற்றுப் பாய்ச்சலைப் போட்டியில் முதன்முதலாக நிறைவேற்றியமை மனித உடலின் அருஞ்செயல். தளை தட்டாத செய்யுளெல்லாம் கவிதை ஆகாது என்பது மெய். தளை தட்டியதனாலேயே ஒன்று கவிதை ஆகிவிடுவதும் இல்லை.

ஆனால் பரிசு எதற்கோ, பயிற்சியும் அதற்கே. சுற்றுகளின் எண்ணிக்கையே வெற்றியைத் தருமாயின், வளரும் பிள்ளைகளின் முழங்காலும் முதுகும் அதற்கு விலை கொடுக்கும். சர்வதேசச் சறுக்கற் சங்கம் மூத்தோர் போட்டிக்கான குறைந்த வயதை 15இலிருந்து 17ஆகப் படிப்படியாக உயர்த்த 2022இல் தீர்மானித்தமை இக்கவலையை உணர்ந்தமையாலேயாகும். அது நற்செயல், எனினும் போதாது.

கலையை மட்டுமே நோக்கும் தனி நடுவர் குழு வேண்டும். அவர்கள் சுற்றுகளை எண்ணலாகாது. விழுந்தாரா, நின்றாரா என்ற கணக்கும் அவர்களுக்கு உரியதன்று. அதனினும் முதன்மையாக, தாம் இட்ட மதிப்புக்குரிய காரணத்தை அவர்கள் நான்கு வரியிலேனும் எழுதித் தம் பெயரோடு வெளியிடல் வேண்டும். எண்ணின் பின்னே ஒளிந்திருக்கும் தீர்ப்பைத் தட்டிக் கேட்க இயலாது. காரணத்தோடு வந்த தீர்ப்பையே ஏற்கவும் மறுக்கவும் கூடும். கலையை முழத்தால் அளக்க இயலாது என்பது உண்மை. அதற்குக் காரணம் கூறவும் இயலாது என்பது சோம்பலன்றி வேறில்லை.