நீர்நாயின் உணவும் நமது ஆற்று நீரும்

மாயாறு, பவானி, காவிரி ஆகிய ஆறுகளில் மீன்பிடிப்போர் நீர்நாயைப் பகையாகக் கருதுவது புதிதன்று. விரித்த வலையைக் கிழித்து மீனைக் கவர்ந்து செல்கிறது என்பது அவர்களது குற்றச்சாட்டு. வலையின் விலை அறிந்த எவரும் அதை அற்பமென்று தள்ளமாட்டார்கள். எனினும் அப்பிராணியின் உணவைப்பற்றிச் சிறிதேனும் விசாரியாமல் தீர்ப்புக் கூறுவது முறையன்று. விசாரித்தால், குற்றவாளிக் கூண்டில் நிற்க வேண்டியவர்கள் உழவரும் நெசவாளருமாகிய நாமே என்று தெரியவரலாம்.

நமது சமவெளி ஆறுகளில் வாழும் நீர்நாய் 7 முதல் 11 கிலோ வரை எடையுள்ளது. நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு கிலோ இரை தேவைப்படுகிறது. பாறைகளின்மீது அது இட்டுச்செல்லும் எச்சத்தில் செதிலும் முள்ளும் கிடக்கும்; அவற்றைப் பொறுக்கி ஆராய்ந்தே அதன் உணவை அறிகிறார்கள். மீனே பெரும்பங்கு, நண்டு, இறால், தவளை, பூச்சி முதலியன சிறுபங்கு. மலையோடைகளில் வாழும் சிறிய இனத்துக்கோ நண்டே முதன்மையான உணவு. குறுந்தொகையும் ஐங்குறுநூறும் மருதநிலத்து நீர்நாய் வாளைமீனை இரையாகக் கொள்வதைக் கூறுகின்றன. இன்றோ 1952இல் நம் நாட்டுக்குக் கொண்டுவரப்பட்ட ஜிலேபிக் கெண்டையும் அதற்கு இரையாகிறது. எது மிகுதியோ, எது எளிதில் அகப்படுமோ, அதையே அது பெரும்பாலும் கொள்கிறது. பல நீர்நாய்கள் அணிவகுத்து நீந்தி மீன் கூட்டத்தை மடக்குவதும் உண்டு. கூட்டுறவு இயக்கத்தாராகிய நாம் இதைக் குறைகூற இயலாது!

மீனையே நம்பி வாழும் பிராணிக்கு, மீனில் சேர்ந்த நஞ்செல்லாம் வந்து சேரும். இதற்கு இங்கிலாந்தில் நடந்ததைக் காட்டலாம். அங்கு 1950களின் நடுவில் டீல்டிரின் என்னும் மருந்தை விதைக்குத் தடவினார்கள். ஆடுகளைக் குளிப்பாட்டும் நீரில் கலந்தார்கள். கம்பளியை அந்துப்பூச்சி அரிக்காதிருக்கவும் இட்டார்கள். உழவர், நெசவாளர் ஆகிய இரு தரப்பாரும் அதில் பங்காளிகள். அம்மருந்து ஆற்றில் இறங்கி விலாங்கு முதலிய மீன்களின் கொழுப்பில் தங்கியது. அவற்றை உண்ட நீர்நாய்கள் 1957 முதல் வேகமாகக் குறைந்தன. பல ஆறுகளில் அடியோடு மறைந்தன. மருந்து படிப்படியாக விலக்கப்பட்ட பின்னரும் அவை மீண்டுவரப் பல்லாண்டுகள் பிடித்தன. இங்கிலாந்தின் எல்லா மாவட்டங்களிலும் அவை காணப்பட்டது 2011இல்தான்.

நம் பக்கத்து நொய்யலாற்றின் கதை யாவரும் அறிந்ததே. திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடும்படி சென்னை உயர்நீதிமன்றம் 2011 ஜனவரியில் ஆணையிட நேர்ந்ததே, அந்நீர் பயிருக்கும் உதவாது போனமையால்தான். மீன் வாழாத நீரில் நீர்நாய்க்கு என்ன வேலை? உலகில் அழியும் ஆபத்திலுள்ள உயிர்களின் பட்டியலில் அது சேர்க்கப்பட்டிருக்கிறது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதை வேட்டையாடுவதைத் தடுக்கிறது. 2019 முதல் அதன் உலக வாணிபமும் தடைப்பட்டிருக்கிறது. தோலுக்குக் காவல் கிடைத்துவிட்டது. உணவுக்குக் காவல் நிற்க எந்தக் காவலரும் வரப்போவதில்லை.

ஆகவே அங்கத்தினர்களிடம் சிலவற்றை வற்புறுத்துகிறோம். மருந்து தெளித்த கருவியை வாய்க்காலில் கழுவும் வழக்கத்தை விடவேண்டும். காலி டப்பாக்களையும் அங்கே எறியலாகாது. சாயமிடும் சங்கங்கள், சாய நீரைச் சுத்திகரிக்கும் செலவை நூலின் விலையைப்போலவே அடக்க விலையில் சேர்க்கவேண்டும். இதனால் துணியின் விலை சற்று ஏறும் என்பதை நாம் மறைக்கவில்லை. நீர்நாயால் வலை கிழிந்த மீனவருக்குப் பொது நல நிதியிலிருந்து ஒரு சிறு தொகையேனும் அளிக்கலாமா என்பதை அடுத்த மகாசபைக் கூட்டத்தில் விவாதத்துக்கு வைக்குமாறு நிர்வாகக் குழுக்களைக் கேட்டுக்கொள்கிறோம்.