ஐந்து கைத்தட்டலும் இரண்டு கைத்தட்டலும்



என் தங்கை மகள் கனடாவில் பிறந்து வளர்ந்தவள். தென்கொரியாவில் பூசான் நகரத்து அரசு தொடக்கப் பள்ளி ஒன்றில் இரண்டு வருடம் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்துவிட்டு, போன வாரம் நம் வீட்டுக்கு வந்திருந்தாள். நான்கு நாளும் பேச்சு முழுக்க வகுப்பறைக் கதைதான்.

வாரத்துக்கு 22 பாடவேளை, ஒவ்வொன்றும் 40 நிமிடம். தங்க வீடு கொடுத்தார்கள். மதியம் பிள்ளைகளோடு உட்கார்ந்து சோறும் சூப்பும் கிம்ச்சியும். பள்ளி விட்டதும் பிள்ளைகள் வீட்டுக்குப் போவதில்லையாம். 'ஹாக்வோன்' என்கிற டியூஷன் சென்டருக்குப் போகிறார்கள். சியோலில் இரவு 10 மணிக்கு மேல் அவற்றை நடத்தக்கூடாது என்று விதியே போட வேண்டியிருந்தது என்றால் பாருங்கள்.

அங்கே ஆங்கிலம் பேசப் பழக்கும் வேலைக்கு விசா பெரும்பாலும் ஏழு நாட்டுக்காரர்களுக்குத்தான்: அமெரிக்கா, கனடா, பிரிட்டன், அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா. பட்டம் எந்தப் பாடத்திலும் இருக்கலாம். இவள் படித்தது உயிரியல். இணையத்தில் ஒரு குறுகிய காலப் பயிற்சியை முடித்துவிட்டுப் போனாள்.

வகுப்பில் அவளோடு ஒரு கொரிய ஆசிரியையும் இருப்பார். நான்கு வருடம் ஆசிரியர் கல்வி படித்து, கடுமையான தேர்வு எழுதி வேலைக்கு வந்தவர். பிள்ளைகளும் பெற்றோரும் 'இங்கிலீஷ் டீச்சர்' என்று நினைத்தது இவளைத்தான். அந்த அம்மா ஓரமாக நிற்பார்.

ஒரு நாள் ஒரு பையன் 'ஐஸ்கிரீம்' என்பதை 'ஆ-இ-சு-கு-ரிம்' என்றான். இவள் திருத்தமாகச் சொல்லிக் காட்டினாள். ஐந்து முறை சொன்னாள். பையன் வாயை மூடிக்கொண்டான். அந்த அம்மா முன்னால் வந்து, கொரிய மொழியில் சொல்லி ஐந்து முறை கைதட்டினார். பிறகு ஆங்கிலத்தில் சொல்லி இரண்டே முறை தட்டினார். வகுப்பே தட்டியது. பையன் இரண்டு தட்டலில் சொல்லிவிட்டான்.

"அவன் சொன்னது தப்புன்னு எனக்குத் தெரிஞ்சது மாமா. ஏன் தப்பாச்சுன்னு அவங்களுக்குத்தான் தெரிஞ்சது" என்றாள்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

1989-ல் ஆறாம் வகுப்பில் ஒரு பையன் 'இஸ்கூல்' என்று வாசித்தான். நான் அவனை எழுப்பி நிற்கவைத்துப் பத்து முறை சொல்லச் சொன்னேன். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். அந்த வருடம் முழுக்க அவன் ஆங்கிலப் பாடத்தை வாய்விட்டு வாசிக்கவே இல்லை. சொல்லின் தொடக்கத்தில் இரண்டு மெய் ஒட்டி வந்தால் நம் நாக்கு ஒரு 'இ'யைத் துணைக்குக் கூப்பிடும். அது மக்குத்தனம் இல்லை, தாய்மொழியின் பழக்கம். சின்ன வயதில் நானும் 'இஸ்கூல்' என்றுதான் சொன்னேன். ஆசிரியர் பயிற்சி டிப்ளமோ வாங்கியவன் அதை மறந்துபோனேன்.

வெளிநாட்டு ஆசிரியர் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பேசும் ஆங்கிலத்தை நேரில் கேட்பதும், புதியவரிடம் கூச்சமில்லாமல் பேசிப் பழகுவதும் பிள்ளைக்கு நல்லதுதான். ஆனால் ஒரு மொழி பேச வருவது வேறு, அதைச் சொல்லிக்கொடுக்க வருவது வேறு. கஷ்டப்பட்டுக் கற்றவருக்குத்தான் பிள்ளை எந்த இடத்தில் தடுக்குகிறது என்று தெரியும், தான் தடுக்கியதை அவர் மறக்காமல் இருந்தால்.

உங்களில் பலர் இப்போது பிள்ளைகளை ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் சேர்க்கிறீர்கள். அங்கே ஆசிரியரின் உச்சரிப்பை மட்டும் பார்க்காதீர்கள். "என் பிள்ளை தப்பாகச் சொன்னால் என்ன செய்வீர்கள்?" என்று கேளுங்கள். அந்தப் பதிலை வைத்து முடிவு செய்யுங்கள்.

அந்த ஆறாம் வகுப்புப் பையன் இதைப் படித்தால், அவனுக்குத் தெரியும் அது அவன்தான் என்று. தம்பி, தப்பு என்னுடையது. மன்னித்துவிடு.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்