லொறிச் சாரதிக்கு உறக்கம் வேண்டாமா?

யாழ்ப்பாணத்துச் செம்மண்ணில் விளையும் வெங்காயமும் கத்தரியும் விடியுமுன் தம்புள்ளையிலோ பேலியகொடையிலோ இறங்கவேண்டும். பிந்தினால் விலை விழும். இதனை நம் கமக்காரர் நன்கறிவர். ஆனால், அம்மூடைகளை இரவோடிரவாகக் கொண்டுசெல்லும் லொறியின் சுக்கானைப் பிடித்திருப்பவன் யார், முதல்நாள் அவன் எத்தனை மணித்தியாலம் உறங்கினான் என்று நம்முள் எவரேனும் கேட்டதுண்டா?

பெரும்பாலோர் இத்தொழிலுக்கு வரும் வழி ஒன்றுதான். பள்ளிக்கூடத்தை விட்ட பையன் கிளீனராக ஏறுகிறான். மூடை ஏற்றவும், தார்ப்பாய் கட்டவும், சில்லு மாற்றவும் பழகுகிறான். ஆண்டுகள் சில கழிந்தபின் கனரக வாகன அனுமதிப்பத்திரம் பெறுகிறான். பத்திரம் கைக்கு வந்த கிழமையே முதலாளி திறப்பை நீட்டி, “கொழும்புக்குப் போய் வா” என்கிறார். ஏறத்தாழ 400 கிலோமீற்றர்! பாரமேற்றிய லொறி நிற்பதற்கு எவ்வளவு தூரம் வேண்டும், இறக்கத்தில் பிரேக் சூடேறினால் எப்படித் தளரும், ஒருபுறம் சாய்ந்த பாரம் வளைவிலே வண்டியை எங்கே இழுக்கும் என்பனவற்றை அவன் தனியனாக வீதியிலேதான் கற்கவேண்டும். பக்கத்தில் இருந்து சொல்லிக்கொடுக்க அனுபவசாலி ஒருவரையும் அனுப்புவதில்லை. அனுப்பினால் இரண்டு சம்பளமாகிவிடுமே!

சில ஆண்டுகளுக்கு முன் அத்தகைய இளைஞன் ஒருவனின் பெற்றோர் என்னிடம் வந்தனர். அவன் சாரதியாகி மூன்று மாதம். பகல் முழுவதும் தோட்டந் தோட்டமாகச் சென்று மூடை ஏற்றினான். இரவு முழுவதும் ஓட்டினான். காலையில் பேலியகொடையில் இறக்கியவுடன் அடுத்த பாரம் காத்திருக்கிறதென்று திருப்பி அழைக்கப்பட்டான். ஓமந்தைக்கு அண்மையிற் கண்ணயர்ந்து மரத்தோடு மோதினான். கால் ஒன்று போயிற்று.

நட்டஈடு கேட்டபோது முதலாளி கூறிய மறுமொழி இது: “அவன் என் வேலையாள் அல்லன், றிப்புக்கு இவ்வளவு என்று பேசி ஓடியவன்.” நியமனக் கடிதம் இல்லை. சம்பளச் சீட்டு இல்லை. சேமலாப நிதி இலக்கமும் இல்லை. கிளீனர் பையனின் சாட்சியத்தையும் தொலைபேசி அழைப்புகளின் பதிவையும் கொண்டே நாம் வழக்கைக் கட்டவேண்டியதாயிற்று.

சட்டம் இவ்வாதத்தை ஏற்பதில்லை. இன்ன இடத்தில் ஏற்று, இன்ன நேரத்துக்குச் சேர் என்று கட்டளையிடுபவர், லொறியும் தமதாயிருக்க, வேலைகொள்வோர் அல்லர் என்றால் வேறு யார்? 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் நிரந்தர ஊழியனுக்கு மட்டும் உரியதன்று. தற்காலிகமாகவோ, செய்த வேலைக்கு இவ்வளவு என்ற கணக்கிலோ உழைப்பவனுக்கும் உரியது. அவன் பங்கு நூற்றுக்கு 8. முதலாளி பங்கு 12. வேலையின்போது வேலை காரணமாக நேரும் காயத்துக்கு முதலாளி பொறுப்பாவார் என்பது 1934ஆம் ஆண்டிலிருந்தே இந்நாட்டில் எழுதப்பட்டிருக்கும் சட்டம். எங்கள் இளைஞனுக்கும் ஈற்றிலே பணம் கிடைத்தது. கால் கிடைக்கவில்லை.

உறக்கத்தின் கதை இன்னும் மோசம். 24 மணித்தியாலம் உறங்காதவனுடைய கண்ணும் கையும், 100 மில்லிலீற்றர் குருதியில் 100 மில்லிகிராம் மதுசாரம் உள்ளவனுடையவை போலவே தடுமாறும் என்று ஆராய்ச்சியாளர் அளந்து கூறியுள்ளனர். அந்த அளவுக்குக் குடித்தவனைப் பொலிசார் வீதியிலேயே பிடிப்பர். உறங்காதவனைப் பிடிக்கும் ஊதுகுழாய் எதுவும் இல்லை. சர்வதேசத் தொழில் நிறுவனம் 1979இல் நிறைவேற்றிய 153ஆம் இலக்கச் சமவாயம், இடைவேளையின்றி 4 மணித்தியாலத்துக்கு மேலும், நாளொன்றுக்கு 9 மணித்தியாலத்துக்கு மேலும் சாரதி ஓட்டலாகாது என்கிறது. அதனை ஏற்று உறுதிப்படுத்திய நாடுகள் மிகச் சில. நமது சாரதிக்கோ முறிகண்டிப் பிள்ளையாரடியில் தேங்காய் உடைக்க நிற்கும் பத்து நிமிடமே ஓய்வு. அதுவும் பிள்ளையார் கொடுத்தது, முதலாளி கொடுத்ததன்று.

முதலாளிமாரை மட்டும் குறைகூறி நாம் தப்பிவிட முடியாது. அவர்களிற் பலர் கடனில் ஒரே லொறியை வாங்கி, மாதத் தவணைக்கு அஞ்சி வாழ்பவர்கள். மாலை ஆறு மணிவரை மூடை தைத்துக்கொண்டிருந்துவிட்டு, “விடியுமுன் சேர்த்துவிடு தம்பி” என்பவர் யார்? பிந்திய லொறிக்குக் கூலியைக் குறைப்பவர் யார்? லொறி பேசும்போது கூலியை மட்டுமன்றி, சாரதி எப்போது உறங்கினான் என்பதையும் கமக்காரர் சங்கங்கள் கேட்கட்டும். மூடை ஏற்றுவோர் வேறாகவும் ஓட்டுபவன் வேறாகவும் இருக்கட்டும். மதியத்துக்குள் பாரம் ஏறினால், நள்ளிரவுக்கு முன் அவன் இரண்டு மணித்தியாலம் கண்மூடலாம். படித்த நண்பர்களுக்கும் ஒரு வேலை உண்டு: ஒரு பக்க நியமனக் கடிதத்தைத் தமிழில் எழுதி, ஊரில் உள்ள லொறிச் சொந்தக்காரர்களிடம் கையொப்பத்துக்குக் கொண்டுசெல்லுங்கள். ஒரு மாலைப்பொழுது போதும்.

அந்த இளைஞன் இப்போது சைக்கிள் திருத்தும் கடை வைத்திருக்கிறான். அவனுடைய தம்பி சென்ற மாதம் கனரக அனுமதிப்பத்திரம் பெற்றான். கடிதம் எழுதிக் கையொப்பமிட்டுத் திறப்பைக் கொடுக்கக்கூடிய முதலாளி ஒருவரை நாங்கள் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம்.