துருவுக்குத் தூக்கம் இல்லை

இரும்பில் துரு பிடிக்கும். பயிரில் துரு பிடிக்குமா?

பிடிக்கும். நாம் சாப்பிடும் சப்பாத்திக்கும் ரவைக்கும் மூலமான கோதுமைப் பயிரைப் பிடிக்கிறது. அதற்குத் "துரு நோய்" என்றே பெயர்.

இது பூசணத்தால் வரும் நோய். அதன் வித்துகள் மெல்லிய தூள் போன்றவை. காற்றில் பல நூறு மைல் பறக்கும். ஈரமான பயிரில் விழுந்தால் முளைக்கும். பயிர் மூச்சு விடும் நுண்ணிய துளை வழியே உள்ளே புகும். பயிரின் உணவை உறிஞ்சும். சில நாட்களில் தண்டிலும் இலையிலும் செம்பழுப்புக் கொப்புளங்கள் வெடிக்கும். மணி சூம்பிவிடும். செழித்து நின்ற வயல் பதராகிவிடும்!

இதை எதிர்க்கும் கோதுமை ரகங்களும் உண்டு. துரு புகுந்த இடத்தில் உள்ள உயிரணுக்கள் தாமே செத்துவிடும். உயிருள்ள பயிரில்தான் இந்தப் பூசணம் பிழைக்கும். ஆகவே அது பட்டினியால் மடியும். இந்தக் குணம் பரம்பரையாக வருவது. விஞ்ஞானிகள் அதை நல்ல விளைச்சல் தரும் ரகங்களோடு கலந்து புது விதை உண்டாக்குகிறார்கள்.

பகை மாறுகிறது

ஆனால் பூசணமும் சும்மா இருப்பதில்லை. 'ரை' என்னும் தானியத்திலிருந்து கோதுமைக்குக் கொண்டுவந்த ஓர் எதிர்ப்புக் குணம் பல்லாண்டுகள் பயிரைக் காத்தது. பல நாடுகள் அதையே நம்பின. 1998-ல் ஆப்பிரிக்காவின் உகாண்டாவில் அந்தக் காவலையும் உடைத்தது ஒரு புதுத் துரு! 2007-ல் அது ஈரான் வரை வந்துவிட்டது. கோதுமைப் புரட்சிக்காக 1970-ல் நோபல் பரிசு பெற்ற நார்மன் போர்லாக், தொண்ணூறு வயதைக் கடந்த பிறகும் இந்த ஆபத்தை உலகுக்கு எடுத்துச் சொன்னார்.

நீலகிரியின் காவல்

நம் நாட்டில் கோடை வெயிலில் சமவெளித் துரு அழிந்துவிடும். குளிர்ந்த மலைகளில் பிழைத்து, மறுபடியும் காற்றில் இறங்கி வரும். இதைக் கண்டு சொன்னவர் ஆக்ரா பேராசிரியர் கே.சி. மேத்தா. அந்த மலைகளில் நம் நீலகிரியும் ஒன்று. அங்கே வெலிங்டனில் இந்திய வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தின் கிளை இருக்கிறது. கோதுமை ரகங்கள் துருவைத் தாங்குமா என்று அங்கே சோதிக்கிறார்கள்.

ஒரே பூட்டை நம்பி வீட்டை விடலாமா? ஒரு விதைக்குள் பல எதிர்ப்புக் குணங்கள் வேண்டும். நாடு முழுவதும் ஒரே ரகத்தை விதைக்கக் கூடாது. பழைய ரகங்களைப் பத்திரமாக வைக்க வேண்டும். நோய் இல்லாத ஆண்டிலும் ஆராய்ச்சிக்குப் பணம் குறையக் கூடாது. புது விதை உருவாகப் பல ஆண்டுகள் ஆகும். துரு வந்த பிறகு தேடினால் கிடைக்காது.

வெள்ளம் வருமுன் அணை போடுவதே அறிவு.