எர்த்துன்னு பேரு ஒண்ணு, ஒயரு ரெண்டு

வாரம் அஞ்சு நாள் பொட்டி தட்டுறவனுக்கு ஞாயித்துக்கிழமை வந்தா கை அரிக்கும். நேரா கோவை கணபதியில இருக்கிற மாமாவோட வெல்டிங் பட்டறைக்குப் போயிடுவேன். பைப்புக்கு ஃபிளேஞ்ச் வைக்கிறப்ப மாமா டிக் வெல்டிங் அடிப்பார், ஹெல்பர் பையன் பைப்பைக் கையால சுத்திக் குடுப்பான். "நாலு வருசம் இன்ஜினியரிங் படிச்சியே மாப்ள, இதைச் சுத்த ஒரு மிஷின் பண்ணத் தெரியாதா?"ன்னு ஒரு நாள் கேட்டுட்டார். தன்மானப் பிரச்சினை ஆயிடுச்சு.

கணக்கு ரொம்பச் சுலபம். 60 மி.மீ. பைப்போட சுற்றளவு சுமார் 188 மி.மீ. நிமிஷத்துக்கு 100 மி.மீ. வேகத்துல வெல்டிங் போனா, ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு சுத்து போதும். பழைய கார் வைப்பர் மோட்டார், 60:1 வார்ம் கியர்பாக்ஸ், வேகத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு கண்ட்ரோலர், மேல லேத் சக். 12 வோல்ட் பவர் சப்ளையோட எர்த்தை ஒழுங்கா ஃபிரேம்ல முடுக்கினேன். பொசிஷனர் ரெடி!

முதல் நாள் மாமா பழக்கதோஷத்துல வெல்டிங் எர்த் கிளாம்ப்பை, டிரில்லிங் மிஷின் போல்ட் பண்ணியிருக்கிற பக்கத்து மேசையில மாட்டினார். ஆர்க் அருமையா பிடிச்சுது. கொஞ்ச நேரத்துல பிளாஸ்டிக் தீயுற வாடை. பாத்தா, டிரில்லிங் மிஷினோட பவர் ஒயர் உருகிட்டு இருக்கு. அந்த மிஷினை அன்னிக்கு யாரும் ஆன் கூடப் பண்ணலை!

என்ன நடந்துச்சுன்னா.. 100 ஆம்பியர் வெல்டிங் கரண்ட் திரும்பிப் போக வழி தேடுச்சு. ஜாப்புல இருந்து சக், பேரிங் வழியா பொசிஷனர் ஃபிரேம், அதோட எர்த் ஒயர்ல ஏறி சுவிட்ச் போர்டு, அங்கிருந்து டிரில்லிங் மிஷினோட எர்த் ஒயர்ல இறங்கி மேசை, கடைசியா கிளாம்ப். எம்.சி.பி. விழலை, ஆர்.சி.சி.பி.யும் விழலை. எப்படி விழும்? போன கரண்ட் அது ரெண்டையும் தொடவே இல்லையே.

இதுக்கு மாமா சொன்ன தீர்ப்புதான் என்னை இதை எழுத வச்சுது. "பாத்தியா, எர்த்தால வந்த வினை. புடுங்கி விட்டுரு." கூப்பிட்ட எலக்ட்ரீஷியன் அதுக்கும் மேல: "பிளக்குக்குள்ளயே நியூட்ரலோட லூப் பண்ணிடலாங்க."

சாமிகளா! எர்த்தைப் புடுங்கினா, என்னிக்காவது பவர் சப்ளைக்குள்ள ஒரு ஃபேஸ் ஒயர் நழுவி பாடியில பட்டா, ஃபிரேம் மொத்தம் 230 வோல்ட். நியூட்ரலோட லூப் பண்ணினா இன்னும் மோசம். எங்கயோ நியூட்ரல் அந்து போனா, எந்த ஃபால்ட்டும் இல்லாமலே மிஷின் பாடி ஷாக் அடிக்கும். அதைத் தொடப்போறது நீங்களும் இல்லை, நானும் இல்லை. வெறுங்காலோட நிக்கிற அந்த ஹெல்பர் பையன்.

தப்பு எர்த் மேல இல்லை, பேர் மேல. வெல்டிங் கிளாம்ப்புக்குப் போறது எர்த்தே கிடையாது. அது கரண்ட் திரும்பி வர்ற ரிட்டர்ன் ஒயர், வேலை நடக்கிறப்ப முழுக் கரண்டும் அதுல ஓடணும். மூணாவது பின்ல இருக்கிறது உயிர் காக்கிற எர்த், அதுல சாதாரண நேரத்துல கரண்டே ஓடக் கூடாது. ஒண்ணுக்கொண்ணு நேர் எதிர் வேலை செய்யுற ரெண்டு ஒயருக்கு ஒரே பேரு! கோடுல ரெண்டு விஷயத்துக்கு ஒரே பேர் வச்சா ஜூனியரை நாக்கைப் புடுங்குற மாதிரி கேக்குற நான், இங்க கோட்டை விட்டேன். டிகிரி வாங்கி என்ன பிரயோஜனம்?

அடுத்த வாரமே பிரிச்சு மாத்தினேன். சக்குக்கும் ஸ்பிண்டிலுக்கும் நடுவுல 10 மி.மீ. ஹைலம் ஷீட், போல்ட்டுக்கு நைலான் புஷ். சக் பக்கம் செம்பு கலந்த ஸ்டார்ட்டர் மோட்டார் கார்பன் பிரஷ் நாலு, ஸ்பிரிங் வச்சு அழுத்தி, அதோட ஹோல்டர்லதான் கிளாம்ப். ஹோல்டரும் ஃபிரேமைத் தொடாம ஹைலம் மேலதான் உக்காந்திருக்கு. பேரிங் வழியா இனிமே கரண்ட் போகாது. போனா பால் தொடுற இடமெல்லாம் பொறி பறந்து குழி விழும், பேரிங் காலி. ஃபிரேம்ல பெயிண்ட்டைச் சுரண்டி, லக் வச்சு எர்த் தனியா முடுக்கியிருக்கு. மல்டிமீட்டர்ல எர்த் பின்னுக்கும் ஃபிரேமுக்கும் ஒரு ஓமுக்குக் கீழ காட்டணும். சக்குக்கும் ஃபிரேமுக்கும் நடுவுல தொடர்பே காட்டக் கூடாது. ரெண்டும் சரியா இருந்தாதான் சுவிட்சைப் போடணும். உருகின ஒயரை அன்னிக்கே மாத்தியாச்சு. விட்டிருந்தா டிரில்லிங் மிஷின் எர்த் இல்லாம ஓடியிருக்கும், யாருக்கும் தெரிஞ்சிருக்காது.

பட்டறையில இப்ப புதுச் சட்டம். கிளாம்ப்பை 'ரிட்டர்ன்'னுதான் சொல்லணும். எர்த்துன்னு சொன்னா எல்லாருக்கும் டீ அவங்க செலவு. இதுவரைக்கும் மாமா பதினோரு தடவை வாங்கிக் குடுத்திருக்கார். ஹெல்பர் பையன் ஒரு தடவை கூட மாட்டலை :-)

டிஸ்கி: உங்க வீட்டு அயர்ன் பாக்ஸ்ல மூணாவது பின்னை யாராவது புடுங்கி வச்சிருக்காங்களான்னு இன்னிக்கே போய்ப் பாருங்க மக்களே.