காய்ச்சல் போயிடுச்சு, ஆனா உடம்பு எழுந்திருக்கல: இந்த வைரஸுக்கு இரண்டு நாள் லீவ் போதாது

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் ஒரு ஹாஸ்டல் அறை. இருபது வயதுப் பெண்ணுக்கு ஒரு வாரமாகக் காய்ச்சல், எச்சில்கூட விழுங்க முடியாத தொண்டை வலி, கழுத்தின் இரு பக்கமும் நெறி கட்டியிருக்கிறது. டெங்கு இல்லை, டைஃபாய்டும் இல்லை. ‘வைரல் ஃபீவர்தான், ரெண்டு நாள் ரெஸ்ட் எடும்மா’ என்று சொல்லி அனுப்புகிறார்கள். மூன்றாம் நாள் ஷிப்ட்டுக்குப் போனால் நிற்கவே முடியவில்லை. சூப்பர்வைசர் கண்ணுக்கு அது சோம்பேறித்தனமாகத் தெரிகிறது.

இது கற்பனைக் காட்சிதான். ஆனால், இந்த அறிகுறிகளுக்குப் பின்னால் இருக்கக்கூடிய வைரஸ் நிஜம். அதன் பெயர் எப்ஸ்டீன்-பார். அது தரும் நோய் மோனோநியூக்ளியோசிஸ், சுருக்கமாக ‘மோனோ’.

எச்சில் வழியே வரும் விருந்தாளி

1964-ல் ஆந்தனி எப்ஸ்டீன், இவான் பார், பெர்ட் அச்சாங் ஆகிய மூவரும், உகாண்டா குழந்தைகளுக்கு வந்த ஒருவகைப் புற்றுநோய்க் கட்டியில் இந்த வைரஸைக் கண்டறிந்தார்கள். மோனோவுக்கும் இதுவே காரணம் என்பது 1968-ல் தெரிந்தது. இன்று உலகின் பெரியவர்களில் 90 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் உடலில் இது இருக்கிறது.

நம் ஊரில் பெரும்பாலானோருக்குச் சிறு வயதிலேயே வந்து, சாதாரண சளி, காய்ச்சல் போலப் போய்விடும். வந்ததே தெரியாது. அப்படி வராமல் தப்பியவர்களுக்கு வாலிப வயதில் முதல்முறை வரும்போதுதான் ஆளைச் சாய்த்துவிடுகிறது. பரவுவது முக்கியமாக எச்சில் வழியாக. முத்தம் மட்டுமல்ல, ஒரே வாட்டர் பாட்டில், ஒரே ஸ்பூன் போதும். தொற்றி நான்கு முதல் ஆறு வாரம் கழித்தே அறிகுறி தெரியும்.

உடம்புக்குள் என்ன நடக்கிறது?

ரத்த வெள்ளையணுக்களில் ஒருவகையான பி செல்களுக்குள் வைரஸ் புகுந்துகொள்கிறது. அவற்றை அழிக்க உடம்பு பெரும் படையையே திரட்டுகிறது. காய்ச்சலும் நெறியும் அசதியும் அந்தப் போரின் விளைவு. பலருக்கு மண்ணீரல் வீங்கும், சிலருக்குக் கல்லீரலும் பாதிக்கப்படும்.

வீங்கிய மண்ணீரல் கிழிவது அரிது, நூற்றில் ஒருவருக்கும் குறைவு. ஆனால், நடந்தால் உயிருக்கே ஆபத்து. அதனால்தான் குறைந்தது மூன்று, நான்கு வாரத்துக்குப் பாரம் தூக்கக் கூடாது என்கிறார்கள் மருத்துவர்கள். இடது மேல்வயிற்றில் திடீர் வலி, மூச்சு விடச் சிரமம் என்றால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

வைரஸைக் கொல்ல மருந்தில்லை, தடுப்பூசியும் இல்லை. ஆன்டிபயாடிக் இதற்கு வேலை செய்யாது. மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிப்போடும் அமாக்ஸிசிலின், மோனோ உள்ளவர்களுக்கு உடம்பெல்லாம் தடிப்பை உண்டாக்கலாம். ஓய்வும் தண்ணீரும்தான் முக்கிய சிகிச்சை. பெரும்பாலானோர் இரண்டு முதல் நான்கு வாரத்தில் தேறுவார்கள். சிலருக்கு அசதி மாதக்கணக்கில் நீளும்.

ஓய்வு யார் கையில்?

இந்த வட்டாரத்தில் கார், லாரி, பைக், டயர், செல்போன் எல்லாம் தயாராகின்றன. தயாரிப்பவர்களில் பெரும்பகுதி இருபதுகளில் இருப்பவர்கள், பலர் ஹாஸ்டல்வாசிகள். ஹாஸ்டல் சுகாதாரம் எவ்வளவு பெரிய விஷயம் என்பதை 2021 டிசம்பர் காட்டியது. ஃபாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்கள் தங்கிய பூந்தமல்லி விடுதியில் உணவு நஞ்சாகி 159 பேர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டனர். சக தொழிலாளர்கள் நெடுஞ்சாலையில் அமர்ந்த பிறகே நிலைமை வெளியே வந்தது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 706.50 கோடி ரூபாயில் 18,720 பெண்கள் தங்கும் குடியிருப்பு திறக்கப்பட்டது. நல்ல மாற்றம். ஆனால், நல்ல கட்டில் இருந்தால் மட்டும் போதாது. அதில் படுத்திருக்க லீவும் வேண்டும்.

சட்டத்தில் வழி இல்லாமல் இல்லை. தகுதியுள்ள ஈஎஸ்ஐ தொழிலாளிக்கு நோய்க்கால உதவியாக ஆண்டுக்கு 91 நாள் வரை, சராசரி ஊதியத்தில் 70 சதவீதம் கிடைக்கும். பலர் அதைக் கேட்பதே இல்லை. ‘லீவ் போட்டா அட்டெண்டன்ஸ் போனஸ் போயிடும், காண்ட்ராக்ட்டை நீட்டிக்க மாட்டாங்க’ என்ற பயம்.

‘காய்ச்சல்னு வர்றவங்களுக்கெல்லாம் ஒரு மாசம் லீவா?’ என்று நிர்வாகம் கேட்கலாம். இல்லை. மோனோ என்று மருத்துவர் உறுதிசெய்தவர்களுக்கு மட்டும். பெரியவர்களில் அவர்கள் குறைவுதான், செலவும் குறைவுதான். முதல் ஒரு மாதம் பாரம் தூக்காத லைட் ட்யூட்டி, நைட் ஷிப்ட்டிலிருந்து விலக்கு, போனஸ் பிடித்தம் இல்லை. இந்த மூன்றும் போதும்.

அறையை விட்டு அனுப்புவது மட்டும் கூடாது. ஆரோக்கியமாக இருப்பவர்களின் எச்சிலிலும் இந்த வைரஸ் அவ்வப்போது வெளிப்படுகிறது. ஒருவரை வெளியேற்றிப் பயனில்லை. பாட்டிலும் டம்ளரும் தனியாக இருந்தாலே நல்லது.

மெஷின் சூடானால் லைனை நிறுத்துகிறார்கள். உடம்பு சூடானவருக்கும் அந்த நியாயம் கிடைக்க வேண்டும்.