மோட்டார் வண்டி வர்த்தகமும் வாங்குவோர் மனமும்

மோட்டார் வண்டி வாங்க விழைவோர் முன்பணம் கட்டி ஆண்டுக்கணக்கிற் காத்திருந்த காலம் ஒன்றுண்டு. அக்காலத்து விற்போர்க்கு உபசாரம் வேண்டியிருந்ததில்லை. 1983-ஆம் ஆண்டில் மாருதி வண்டி வெளிவந்தபின் அந்நிலை படிப்படியாக மாறிற்று.

நம் புதுச்சேரிக்கோ வேறொரு வசதி வாய்த்திருந்தது. வண்டிகளின்மீதுள்ள வரி அண்டை மாநிலங்களினும் இங்குக் குறைவாதலின், வெளியூராரும் இங்குப் போந்து வண்டி வாங்கினர். விலையுயர்ந்த வண்டிகளைச் சிலர் பொய்முகவரி காட்டி இங்குப் பதிவுசெய்து கேரளத்தில் ஓட்டியதாக 2017-இல் அங்கு வழக்குகளும் எழுந்தன. அவ்வாண்டு ஜூலை முதல்நாள் சரக்கு சேவை வரி நடைமுறைக்கு வரவே, விலைமீதுள்ள வரி நாடெங்கும் ஒன்றாயிற்று. பதிவின்போது செலுத்தும் வரியில் மட்டுமே வேற்றுமை எஞ்சிற்று.

நிற்க. இன்று வாங்குவோர், கடைவாயிலை மிதிக்குமுன்னரே விலையையும் குணாகுணங்களையும் கைப்பேசியில் ஒப்புநோக்கி வருகின்றனர். அவர்முன் புகழுரை செல்லாது. பழுது நேரின் பார்ப்பார் யார், உதிரிபாகம் எத்தனை நாளிற் கிடைக்கும், மின்சார வண்டியின் பாட்டரிக்கு உறுதி எத்தனை ஆண்டு என்பனவே அவர்தம் வினாக்கள். சென்னையையடுத்த மறைமலைநகரில் ஆலை நடாத்திய ஃபோர்டு கம்பெனியார், இந்நாட்டில் வண்டி உற்பத்தியை நிறுத்துவதாக 2021-இல் அறிவித்தபோது, அவ்வினாக்களின் அருமை பலர்க்கும் புலனாயிற்று.

ஆதலின், விற்பனை மண்டபத்தின் அலங்காரத்தினும் பட்டறையின் ஒழுங்கே பெரிதென்பது நமது துணிபு. வரிச்சலுகை ஓர் அரசாணையால் அகன்றுவிடும். ஒளிவின்றி எழுதித் தந்த கணக்கும், சொன்ன நாளிற் செப்பனிட்டுத் தந்த வண்டியும் வாங்கினோர் மனத்தினின்றும் அகலா. அடுத்த வண்டியை விற்றுத் தருவன அவையே. நாளை வணிகம் புகவிருக்கும் நம் மாணவரும் இதனை உளங்கொள்வாராக.